ஜாடித் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அரியலூரில் என் வேலை போக இருந்தபோது, அந்தக் கோபம்தான் என் கையைக் கெடுக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். உண்மையில் கெடுத்தது ஓர் ஊறுகாய் ஜாடி.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ரசாயனம் படித்த ஆண்கள் கிடைக்கவில்லை. இல்லாவிட்டால் ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணை யார் கூப்பிடப்போகிறார்கள்? சிமெண்டுக்கு ஏற்ற சுண்ணாம்புக்கல் சுற்று வட்டாரத்தில் எங்கே கிடைக்கும் என்று ஒரு கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. அதற்காக ஊருக்குள் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கூடம் ஆபீஸ். சமையலறைதான் சோதனைக்கூடம். நெல் கொட்டும் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. அதன் சாவி சாருடைய இடுப்பில்.

சார் தஞ்சாவூர்க்காரர், எனக்கு மேலே இருந்த கெமிஸ்ட். கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு பெண் தராசைத் தொட்டால் தட்டு கோணிவிடும் என்பதுபோல் பக்கத்திலேயே நிற்பார்.

ஆலத்தியூர்ப் பக்கமிருந்தும் பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் மாட்டு வண்டியில் கல் மூட்டைகள் வரும். கல்லை இடித்துப் பொடியாக்கி, திராவகத்தில் கரைத்து, ஒவ்வொரு பொருளாகப் பிரித்தெடுப்பேன். வெள்ளையாக அடியில் படிவதை வடிகட்டி, கழுவி, சுட்டு, நிறுக்க வேண்டும். சுண்ணாம்பு இவ்வளவு, மக்னீசியா இவ்வளவு என்று எழுத வேண்டும். மக்னீசியா அதிகமானால் அந்தக் கல் சிமெண்டுக்கு ஆகாது. ஒவ்வொரு கல்லையும் இரண்டு முறை சோதிப்பது வழக்கம். இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும்.

என்னுடையவை ஒத்துப்போகவில்லை. செவ்வாய்க்கிழமை சோதித்த கல்லையே பிறகு மறுபடி சோதித்தால் சுண்ணாம்பும் ஏறியிருக்கும், மக்னீசியாவும் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வர வேண்டிய இடத்தில் நூற்று மூன்று வந்தது.

"நூறு பங்கு கல்லுல நூத்தி மூணு பங்கு சரக்கு கண்டுபிடிச்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா" என்றார் சார். கூடத்தில் இருந்த குமாஸ்தா சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அன்று துடைத்த பீக்கரை எத்தனை முறை துடைத்தேனோ தெரியாது.

மூன்றாவது வாரமும் அப்படியே ஆனபோது சார் சிரிக்கவில்லை. சென்னை ஆபீசுக்கு ஒரு கடிதம் தட்டச்சு அடித்து மேசையில் கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்தார். இந்தப் பெண்ணின் கை இந்த வேலைக்குத் தகாது, வேறு ஆள் அனுப்பவும் என்று அதில் இருந்தது. "வர்ற சனிக்கிழமை கடைசி தடவை. அதுவும் இப்படியே வந்தா திங்கக்கிழமை இது தபால்ல போயிரும்" என்றார்.

வேலை போனால் வீட்டில் அழமாட்டார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சமையலறை பிடித்திருந்தது. கரைசலுக்குள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெள்ளை இறங்குவதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பிடித்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் முன் நோட்டைப் புரட்டினேன். கெட்டுப்போன விடைகளின் பக்கத்தில் கிழமையை எழுதிப் பார்த்தேன். சனி, சனி, சனி. வேறு நாளில் ஒன்றுகூட இல்லை. கோபம் சனிக்கிழமை மட்டும்தான் வருமா என்ன? எனக்கு எல்லா நாளும்தானே வரும்!

சனிக்கிழமை காலையில் கல்லைத் தொடவில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் மாறக்கூடியது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திராவகம் அதேதான். வடிதாளும் அதேதான். மிஞ்சியது தண்ணீர்.

தண்ணீரை நானே திங்கட்கிழமைகளில் காய்ச்சி வடித்து வைப்பேன். விறகுக்குப் பஞ்சம், வாரத்துக்கு ஒரு முறைதான் அடுப்பு மூட்டலாம். சண்டையால் பெரிய கண்ணாடிக் குடுவை வரவில்லை என்று வீட்டுக்கார அக்கா தன் பெரிய பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தவர். ஜாடியின் மூடியில் துளை போட்டு ரப்பர் குழாய் விட்டிருந்தோம். கிளிப்பைத் திறந்தால் தண்ணீர் வரும். மூடியை நான் திங்கட்கிழமை கழுவும்போதுதான் திறப்பேன். அப்போது நிறையத் தண்ணீர் மீந்திருக்கும். நான் எவ்வளவு சிக்கனமானவள் என்று மார் தட்டிக்கொண்டு அதைக் கொட்டுவேன். புத்தி!

சோதனைக் குழாயில் வெறும் ஜாடித் தண்ணீரை மட்டும் எடுத்து, சுண்ணாம்பைக் காட்டும் ஆக்சலேட் கரைசலை அதில் நாலு சொட்டு விட்டேன். தெளிவாகவே இருந்திருக்க வேண்டும். கழுநீர் மாதிரி கலங்கியது.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சார்தான் என்றுகூட நினைத்தேன். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "யாரு இந்த ஜாடியில கைய வெச்சது?" என்று கத்தினேன். கூடத்திலிருந்து சார் எழுந்து வந்தார். கொல்லைக் கதவு வழியாக மோர்ச் செம்போடு வீட்டுக்கார அக்காவும் வந்தார்.

"நாந்தான் பாப்பா. நேத்து வெள்ளிக்கெழம இல்ல? வெளக்கு வெக்க வந்தேன். நீ கோயிலுக்குப் போயிட்ட. ஜாடி பாதி கொறஞ்சு கெடந்துச்சு. வெளக்கு வெக்கிற நேரத்துல தண்ணிப் பாத்திரம் கொறையா இருந்தா வூட்டுக்கு ஆவுமா? நம்ம கெணத்துத் தண்ணிதான் ரொப்பி வெச்சேன். வாராவாரம் ரொப்புறதுதான்."

கத்த வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் நல்லது செய்த நிம்மதி அப்படியே இருந்தது. கத்த முடியவில்லை.

சார் நம்பவில்லை. குழாயைக் கழுவி, தானே ஜாடித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். கலங்கியது. கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி அதிலும் விட்டார். வெள்ளையாக அடியிலேயே இறங்கிவிட்டது. சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய கிணற்றில் வேறென்ன இருக்கும்? அந்தத் தண்ணீரில் அக்காவுக்குப் பருப்பு வேக அரை நாள் ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா சார்?" என்றார் அக்கா.

சார் குழாயைக் கீழே வைத்தார். "இல்லீங்க. எங்க வூட்லயும் அம்மா இதேதான் செய்வாங்க. எனக்குத்தான் தோணாமப் போச்சு" என்றார்.

மீந்த கொஞ்சம் விறகை வைத்து அப்போதே அடுப்பு மூட்டினோம். புதுத் தண்ணீரில் அதே கல்லைக் கரைத்தேன். திங்கட்கிழமை மத்தியானம் கடைசி எடை வந்தது. கூட்டினேன். நூற்றுக்கு மயிரிழை குறைவு. மக்னீசியா சொற்பம். ஆலத்தியூர்ப் பக்கத்துக் கல் நல்ல கல்.

விடையை எழுதத் தாள் தேடினேன். அப்போது தாளும் பஞ்சம். சார் கண்ணாடிக் குண்டை நகர்த்தி, தபாலுக்குப் போக இருந்த கடிதத்தை எடுத்து, வெறும் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். தராசுச் சாவியையும் இடுப்பிலிருந்து கழற்றி அதன்மேல் வைத்தார்.

"இதுல எழுதுங்க. சோதிச்சவர்ங்கிற எடத்துல உங்க பேரைப் போடுங்க" என்றார். அதுவரை என்னை அவர் நீ என்றுதான் சொல்லியிருந்தார்.

ஜாடியின் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் வைத்தோம். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதை ரொப்பினார். கோயிலுக்குப் போகும் முன் அவருக்கு நான் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன்.

அந்தத் தாளைச் சுத்தமாக நகல் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். மூலம் என்னிடமே தங்கிவிட்டது. ஒரு பக்கம் என் கை தகாது என்று தட்டச்சில் இருக்கிறது. மறுபக்கம் அந்தக் கையின் எழுத்து.