மாத்திரை மணியும் சிவப்புப் பொத்தானும்

லிஃப்ட் மெக்கானிக்கின் வலக்கை கரண்டியில் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தது. இடக்கை லேப்டாப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால் இரண்டும் உருப்படாது. பாதித் தூள் கீபோர்டில் விழுந்தது.

பக்கவாதத்தில் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது, பாட்டு போகவில்லை. சொல்ல வராத "தண்ணி வேணும்", ராகம் போட்டால் வந்தது, அவரும் கூடப் பாடினால். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "உங்க குரலைத் தனியா, அவங்க குரலைத் தனியா பதிவு பண்ணுங்க. உங்களோடதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. இல்லைன்னா நீங்க பாடினாத்தான் அவங்களுக்குத் தண்ணி."

அவர் வேலைக்குப் போயிருக்கும்போது தாகம் எடுத்தால்? அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

போனில் பதிவு செய்தால் இரண்டு குரலும் கலந்துவிட்டன. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த மென்பொருளைத் திறந்தால், விமானி அறை மாதிரி திரை முழுக்கப் பொத்தான்கள். அடுத்தது இலவசம், பாடியதைச் சேமிக்கப் போனால் காசு கேட்டது. மூன்றாவதில் குரலுக்கு ஒன்றாக இரண்டே வரிகள், பதிவு செய்ய ஒரு சிவப்புப் பொத்தான். அப்பாடா என்று அழுத்தினார். தாளத்துக்காக அது "டிக், டிக்" என்றது.

மனைவி பாடவில்லை. வாயை அகலத் திறந்தாள். மருந்து நேரத்தில் அடிக்கும் மாத்திரைப் பெட்டியின் மணிக்கும் அதே சத்தம்தான்.

"மருந்து இல்ல, பாட்டு!"

மறுபடி டிக். மறுபடி வாய்.

"பாடித் தொலையேன்!"

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு உடம்பு துடைக்க வந்த மச்சினி, ஈரத் துண்டும் கையுமாக நின்றாள். "அத்தனை மாடி லிஃப்டை அடக்குற ஆளு, ஒரு டிக்குக்கு இந்தக் குதி குதிக்கிறீங்களே மாமா! மணி அடிச்சா வாயைத் திறன்னு பழக்கினது யாரு?"

"நான்தான்."

"அப்போ இந்த டிக்கை நிறுத்துங்க. அக்காவை ஏன் திட்டுறீங்க?"

"அதை எங்க நிறுத்துறதுன்னுதானே தெரியல!" லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

மறுநாள் காலை, மனைவிக்கு முகம் கழுவி, சாப்பாடு கொடுத்து முடிக்கும்வரை லேப்டாப்பைத் தொடவில்லை. பிறகு முதல் இரண்டு மென்பொருளையும் அழித்தார். மூன்றாவதில், லிஃப்டின் ஒவ்வொரு பட்டனையும் சோதிப்பதுபோல, திரையில் இருந்த சின்னங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒன்றை அழுத்தியதும் டிக் அடங்கியது.

மேல் வரியில் தன் குரலைப் பதித்தார். அதை அவள் மட்டும் கேட்கக் காதில் இயர்போனை வைத்துவிட்டு, அவளுடைய இடக்கையில் விரலால் தாளம் தட்டினார். அவள் நேற்றைய கோபத்தோடு முறைத்தாள். பிறகு இழுத்தாள்: "தண்... ணி... வே... ணும்."

அவள் குரல் பதியப் பதிய, கீழ் வரியில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன. அவள் கண் டம்ளர் மேல் இருந்தது. அது பயிற்சி இல்லை, தாகம்.

பதிவை நிறுத்தாமலே எழுந்து, தலையணையை உயர்த்தி, மெதுவாகப் புகட்டினார். வாயைத் துடைத்துவிட்டு வந்து, மேல் வரியில் தன் குரலின் சத்தத்தை ஒரு படி குறைத்தார்.