வழி தெரியவில்லை என்று சொன்னேன்

புது ஊருக்குப் போனால் எங்கே சாப்பிடுவது என்று போனைத் தடவிப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர் என்று கண்ணில் படுகிற நாலு பேரைக் கேட்டுவிடுவேன். நாலு பேரும் நாலு இடம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த ஒன்றுக்குப் போவேன். மற்ற மூன்று பேரிடமும் "கண்டிப்பா போறோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன். அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் கணவர் சொல்வார். சேலத்தில் எங்கள் வீட்டில் அது ஒரு பெருமை போலத்தான் பேசப்படும்.

கணவரின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடலூர் வந்திருந்தோம். மறுநாள் காலை சிதம்பரம் கோயிலுக்குக் கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர், கொழுந்தனார் குடும்பம் மூன்று பேர். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. கழுத்தில் ஜெபமாலை, மடியில் ஒரு கட்டைப்பை. அண்ணாமலை நகரில் ஒரு வயதான அம்மாளைப் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை, கடலூரிலிருந்து தினமும் போய்வருகிறார். ஆலப்பாக்கம் வருவதற்குள் இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்தது என் வழக்கமான கேள்வி.

"ஏங்க்கா, சிதம்பரத்துல நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ஓட்டலுக்கெல்லாம் ஏன் போறீங்க? என் தங்கச்சி மெஸ் வச்சிருக்குறா. வீட்டு வாசல்லதான். ஆறே பேரு உக்காரலாம். அவ வைக்கிற எறாத் தொக்க சாப்ட்டுட்டு வேற எங்கயும் கை நனைக்க மாட்டீங்க."

தங்கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மெஸ் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. தங்கை புருஷனுக்கு நம்பிக்கை இல்லை. சந்துக்குள் எவன் வருவான், இந்த மாதத்தோடு மூடிவிட்டுப் பழையபடி ரைஸ்மில் வேலைக்கே போய்விடு என்கிறாராம். "யாராச்சும் வெளியூர்க்காரங்க தேடிக்கினு வந்து சாப்ட்டாங்கன்னா அந்த மனுஷன் வாய அடச்சிடலாம்" என்றார் அந்த அக்கா.

"நாங்க வர்றோங்க்கா. ஆறு பேர் இருக்கோம்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

உடனே போனை எடுத்தார். "ஏய், ஆறு பேரு வர்றாங்க. சேலத்துக்காரங்க. ஒரு மணிக்கு. எறா வாங்கிடு, நண்டு இருந்தா நண்டும் வாங்கு." எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேராக 'வரலை' என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வருகிறது? வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம்.

மேல வீதியில் ஒரு பூக்கடை, அதை ஒட்டிய சந்து, குழாயடி தாண்டி இரண்டாவது திருப்பம், பச்சைக் கேட்டு என்று வழி சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் நம்பரையும் வாங்கிக்கொண்டார். "நீங்க சாமி பாத்துட்டு வாங்க. நானும் அந்த அம்மாவுக்கு சோறு ஊட்டிட்டு ஒரு மணிக்கு அங்க வந்துடுறேன். உங்களுக்கு நானே பரிமாறுறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கோயிலில் கல் சுட்டது. நடை சாத்துகிற நேரம், கூட்டம். வெளியே வந்தபோது பிள்ளைகள் முகம் சிவந்து நின்றார்கள். எதிரிலேயே ஒரு ஏசி ஓட்டல். கொழுந்தனார் போனைப் பார்த்து இதற்கு நாலரை ஸ்டார் என்றார். பழியை அவர் மேல் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் "அண்ணி, பஸ்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டீங்களே" என்றுதான் கேட்டார். "அட, அவுங்க சும்மா சொல்லியிருப்பாங்க, வாங்க" என்று முதலில் கதவைத் தள்ளியவள் நான்.

போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். சாதம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் போன் அடித்தது. கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை என் மகள், "அம்மா, எடுத்துத் தொலையேன்" என்றாள். எடுத்தேன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"அக்கா, அந்தச் சந்தே தெரியலைங்க்கா. சுத்திச் சுத்திப் பார்த்தோம். பசங்களுக்குப் பசி தாங்கல. பஸ் ஏறிட்டோங்க்கா." வாயில் இருந்த சோற்றை முழுங்கிவிட்டுத்தான் இதைச் சொன்னேன். பக்கத்தில் சர்வர், "மேடம், ரசம் ஊத்தட்டுமா?" என்று குனிந்தார். கையால் போகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் வேறு ஒரு பெண் குரல் தூரத்தில் கேட்டது. "என்னக்கா, வர்றாங்களா? எலை போடட்டுமா?"

"ஐயோ, நான்தான் வழிய சரியா சொல்லாம விட்டுட்டேன்" என்றார் அந்த அக்கா. "என் தப்புதாம்மா. பத்திரமா போங்க."

ரசம் ஊற்றிக்கொள்ளாமலேயே எழுந்துவிட்டேன். அதைத் தியாகம் என்று நினைத்தேனோ என்னவோ. ஊருக்குப் போய் இரண்டு நாள் உறுத்தியது. அப்புறம் மறந்துபோனேன். முழுவதுமாக மறந்தேன் என்றால் பொய். எறாவைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் குரல் கேட்கும், எலை போடட்டுமா என்று. அந்த நம்பரை நான் அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

அடுத்த வருடம் என் மகளுக்குச் சிதம்பரத்தில் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் தனியாக மேல வீதியில் நடந்து வந்தேன். பூக்கடை இருந்தது. அதை ஒட்டிய சுவரில் நீலப் பெயிண்டில் பெரிதாக ஓர் அம்புக்குறி. 'மெஸ் இந்தப் பக்கம்.' குழாயடியில் இன்னொன்று. 'இன்னும் கொஞ்சம்.' இரண்டாவது திருப்பத்தில் மூன்றாவது. 'வந்துட்டீங்க.' எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வந்து சேர்ந்துவிடலாம். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பச்சைக் கேட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா, "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று கூப்பிட்டுவிட்டார். எலை போடட்டுமா என்று கேட்ட அதே குரல்.

ஆறு பேருக்கு மேலேயே உட்காரலாம்போல மேஜைகள் இருந்தன. ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் இலை விழுந்தது. சும்மா இருந்திருக்கலாம். நம் வாய் சும்மா இருக்குமா? "வழியெல்லாம் நல்லா எழுதி வச்சிருக்கீங்களே" என்றேன்.

"அது ஒரு கதம்மா" என்று தொக்கை வைத்தார். "எங்க அக்கா போன வருஷம் ஆறு பேர அனுப்புறேன்னுச்சு. எறா, நண்டு, அத்தனையும் ஆக்கி வச்சேன். பேங்க்ல வேல பாக்குறவங்க நாலு பேரு வந்தாங்க. எடம் இல்ல, ஆளு வர்றாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். கடசில பாத்தா, வழி தெரியாம அவுங்க பஸ் ஏறிட்டாங்களாம். எங்க வூட்டுக்காரரு கேட்டாரு பாரு ஒரு கேள்வி. நான் அந்தக் கோவத்த அக்கா மேல காட்டிட்டேன். ஒரு வழி ஒழுங்கா சொல்லத் தெரியாதா உனக்குன்னு கத்திட்டேன். அது ஒண்ணும் பதில் பேசல. அன்னிக்கி போனதுதான். கிறிஸ்மஸ்க்குகூட வரல, கேக் மட்டும் யாருகிட்டயோ குடுத்து அனுப்பிச்சிது. சண்ட போட்ட மறு வாரமே நான் அம்புக்குறி போட்டேன். அதுக்கப்புறம்தான் ஆளு வர ஆரம்பிச்சாங்க. ஆனா எங்க அக்கா வரல."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

"உங்க அக்கா வழியச் சரியாத்தாங்க சொன்னாங்க" என்றேன். "அந்த ஆறு பேர்ல நான் ஒருத்தி. நாங்க தேடவே இல்ல. கோயில் எதிர்ல இருக்கிற ஓட்டல்ல சாப்ட்டுக்கிட்டேதான் போன்ல பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கரண்டியைக் குண்டானில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "நீங்களே அதுகிட்ட சொல்லுங்க."

ரொம்ப நேரம் அடித்தது. எடுத்ததும், "என்னடி, என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றது பதறிய குரல்.

நான் யார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்மா" என்றார் அந்த அக்கா. "பஸ் ஏறிட்டோம்னு சொல்றீங்க, பின்னாடி ஒருத்தன் ரசம் ஊத்தட்டுமான்னு கேக்குறான். எந்த பஸ்ல ரசம் ஊத்துறாங்க?"

தங்கை என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரிஞ்சும் ஏங்க்கா இத்தன நாள் சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

"வழி தப்புன்னா அவ சரி பண்ணிக்குவா. வர இஷ்டமில்லன்னு சொன்னா, பாவம், அவ என்னா பண்ணுவா? அன்னிக்கே மூடியிருப்பா." இருமினார். "சரி, போன அவகிட்ட குடுங்க."