நல்ல தண்ணீரில் குளித்த லொறி

செய்தி சைக்கிளில் வந்தது. தீவை விட்டு வந்த பிறகு எங்களுக்கு எல்லாமே சைக்கிளில்தான் வருகின்றன; விறகு, கலியாண அழைப்பு, மரணம். மானிப்பாயில் நான் ஒதுங்கியிருக்கும் வீட்டுப் படலையில் ஒரு காலை ஊன்றியபடி பூமணி அக்காவின் தம்பி சொன்னார்: "அத்தான் விடியப்புறம் மோசம் போயிட்டார். பின்னேரம் எடுக்கினம்."

"ஆர், லொறியரோ?" என்றேன்.

தம்பிஐயா அண்ணை என்று முழுதாக ஒரு பெயர் இருந்த மனிதர். செத்தவீட்டுச் செய்தி கேட்ட நேரத்திலும் என் வாயில் வந்தது நான் வைத்த பட்டப்பெயர்தான். இந்த நினைவுமலர்க் கட்டுரையில் என்னைப்பற்றி நல்லதாக எதுவும் வராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தீவில் எங்கள் ஊரான மண்கும்பானில் அவரைத் தெரியாதவர் இல்லை. இருபது வருடம் தெற்கில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. ஊருக்கு வந்து சேர்ந்தது அவரும், மனிசி பூமணி அக்காவும், அவர்கள் ஏறிவந்த லொறியும்தான். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு களஞ்சியத்தில் காப்பாளர் வேலை கிடைத்தது. ஐந்து தொன் ஏற்றுகிற லொறியில் ஒரு மனிதரும் ஒரு சாப்பாட்டுப் பார்சலும் தினமும் பண்ணைப் பாலத்தால் வேலைக்குப் போவதை வேறெந்த ஊரிலும் கண்டிருக்க மாட்டீர்கள். அதன் மைல் மீற்றர் இரண்டு தரம் ஓடி முடிந்து பூச்சியத்துக்குத் திரும்பியிருந்தது. "இப்ப மூண்டாம் பிறப்பு நடக்குது" என்பார்.

ஒரு மனிதர் என்றது தொடக்கத்தில் மட்டும். ஒரு மாதத்துக்குள் பின்தட்டில் ஊரே ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சோதனை எழுதப் போகிற பிள்ளைகள், கோழிக்கூடுகள். எவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. "லொறி எப்பிடியும் போகுது. நீங்கள் ஏறினா அதுக்கு ஆட்டம் குறையும்" என்று, ஏறுகிறவர்கள்தான் உதவி செய்வதுபோலக் கதைப்பார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். பத்திரிகைகளில் சனம் சிரிக்க முசுப்பாத்தி எழுதுகிறவன் என்ற மரியாதையில் முன்சீற்று எனக்கு.

கடலிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் பாலத்தால் போய்வந்தால் லொறியின் அடிப்பக்கம் முழுக்க உப்பு. தினமும் பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் லொறிக்கடியில் படுத்திருப்பார். நல்லதண்ணி வாளியில். வில்லுத் தகடு, பிறேக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, பழைய ஒயில் பூசுவார். எங்கள் ஊரில் நல்லதண்ணிக் கிணறு ஒன்றுதான். வீட்டுக்கு நாளுக்கு ஆறு குடம். அதில் மூன்றை லொறிக்குக் கொடுத்துவிட்டுத் தான் உப்புக் கரிக்கிற சவர்த்தண்ணியில் குளிப்பார். காலையில் பக்கத்தில் இருக்கும்போது அவருடைய காது மடலில் உப்புக் காய்ந்திருப்பதைக் கண்டு ஒருநாள் கேட்டேன்.

"எனக்குச் சவரே காணும். நான் துருப்பிடிக்கிறேல்லைத்தானே."

எவ்வளவு நல்ல பேச்சு. நல்ல பேச்சைக் கேட்டால் அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு ஏலாது. அன்று பின்னேரம் வாசிகசாலையில் அவிழ்த்துவிட்டேன். லொறியருடைய லொறி கிழமைக்கு ஒருக்கால் முழுகுகிறது. அரப்பு, தேசிக்காய் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமையில் முழுகுவதால் அது பெண் லொறி. மற்ற நாளிலும் பன்னிரண்டு குடம் வார்த்தால்தான் மறுநாள் ஸ்ராட் ஆகும். மூன்று குடம் என்றால் ஆர் சிரிப்பார்கள்? சனம் வாங்குகளில் சாய்ந்து சிரித்தது. தன் பங்கிலிருந்துதான் எடுக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் கதை சப்பென்று போய்விடும்.

அந்த வருடம் மழை பிந்தியது. கிணற்றில் கயிறு நீள நீள, என் கதையிலிருந்து சிரிப்பு கழன்று பன்னிரண்டு குடம் மட்டும் மிஞ்சியது. கிணற்றுக் கமிற்றி கூடி, மிச்சம் இருக்கிறபடியால்தானே லொறிக்கு ஊற்றுகிறார், அந்த வீட்டுக்கு மூன்று குடம் போதும், லொறிக்கு ஒரு துளியும் கூடாது என்று முடிவெடுத்தது.

தம்பிஐயா அண்ணை நியாயம் கேட்டு வந்த இடம் என் வீடு.

"நீர் எழுத்து வேலை தெரிஞ்சனீர். கமிற்றிக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்." கதிரையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "வேலிக்கு இஞ்சால நடக்கிறது அங்கால இருக்கிறவனுக்குத்தானே தெரியும். சின்னராசாதான் சொல்லியிருக்கிறான். நீர் என்ன நினைக்கிறீர்?"

சின்னராசா அண்ணை அவருடைய பக்கத்து வளவுக்காரர். லொறியின் பற்றறி செத்துப் பல காலம். நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் முன்னுக்கு நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்றி அதை ஸ்ராட் பண்ணிவிட்டவர். இவர் உள்ளே இருந்து மிதிக்க, அவர் வெளியே நின்று சுழற்ற, அப்படி ஒரு சிநேகிதம். "இல்லை அண்ணை, நான்தான்" என்று சொல்ல மூன்று சொல் போதும். நான் ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டேன்.

"இருக்கலாம்."

கடிதத்தை மட்டும் திறமாக எழுதினேன். அதிலும் மூன்று முசுப்பாத்தி வைத்தேன். கமிற்றி வாசித்துச் சிரித்ததாம். தண்ணீர் தரவில்லை.

அன்றோடு அவர் சின்னராசா அண்ணையோடு கதைக்கிறதை விட்டார்; மறுநாள் தொடக்கம் கைபிடி சுழற்றுகிற வேலை என்னுடையது. முதல் நாளே அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. வேலிக்கு அங்காலிருந்து சின்னராசா அண்ணையின் குரல் கேட்டது. எங்களுக்கு அல்ல, தன் மனிசிக்குச் சொல்கிற மாதிரி: "பெருவிரலைக் கைபிடிக்கு மேலால போடக்கூடாதெண்டு அந்த ஆளுக்குச் சொல்லு."

தம்பிஐயா அண்ணை உள்ளே இருந்தபடி என்னிடம் சொன்னார்: "எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லும்."

நடுவில் நின்ற நான் பெருவிரலை மட்டும் மாற்றிப் பிடித்தேன். லொறி ஸ்ராட் ஆனது.

இரண்டு சோளகம் கழுவாமல் போயிற்று. முதலில் ஏறுகிற மிதிபலகை என்னோடு சேர்ந்து கழன்று விழுந்தது. அதையும் வாசிகசாலையில் கதையாக்கினேன். பிறகு ஒருநாள் பாலத்தின் நடுவில் பிறேக் குழாய் உப்பில் உக்கி வெடித்தது. பின்தட்டில் பதினைந்து பேர். "பயப்பிடாதையும், கியர் இருக்கு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கியராக இறக்கி, அந்தப் பெரிய உடம்பை மெல்ல மெல்ல நிற்பாட்டினார். இறங்கி எங்களையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "கழுவாத வண்டியில சனத்தை ஏத்தக்கூடாது" என்றார். அதன்பிறகு ஏற்றவில்லை. லொறி வளவில் நின்றது. சண்டை நெருங்கி ஊரைவிட்டு வெளிக்கிட்ட கிழமையில் வயதுபோனவர்கள் நடந்ததையும், கதிரையில் வைத்துத் தூக்கிவந்ததையும் நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். நான் எவருடைய முகத்தையும் பார்க்காமல் நடந்தேன்.

செத்தவீட்டில் சின்னராசா அண்ணை படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரலாமோ என்று அவருக்குத் தெரியவில்லை. பிணம் எடுத்தபோது பாடைக்குப் பின்னால், சனத்துக்கும் பின்னால், தனியாக நடந்தார். பூமணி அக்கா பிறகு என்னிடம், "அந்தியேட்டி நினைவு மலருக்கு நீர்தான் எழுத வேணும். அழுகையா வேண்டாம், முசுப்பாத்தியா எழுதும்" என்றார். அதோடு, "சின்னராசா அந்தக் கதையைக் கட்டாமல் இருந்திருக்கலாம். இவர் சாகுமட்டும் அதை நினைச்சு மனம் நொந்தவர்" என்றார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில்தான் வந்தது.

எழுதியதை முதலில் சின்னராசா அண்ணையிடம் கொண்டுபோனேன். ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் இருக்கிறார். சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், நான் வாசிக்க முழுவதையும் கேட்டார்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், தம்பிஐயா" என்றார், நான் அங்கே இல்லாததுபோல.

"என்னட்டத்தான் கேட்டவர், அண்ணை."

"ஓம். உம்மட்டக் கேட்டவர்." ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "முசுப்பாத்தியளை வெட்டாதையும். பூமணிக்கு அது வேணும். மற்றதையும் வெட்டாதையும்."

நான் ஒரு வரியும் வெட்டவில்லை.

தம்பிஐயா அண்ணையிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஒன்றை வைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச்சேர்ந்த ஒரு காலை, பிள்ளை எழுதித் தேறிய ஒரு சோதனை. அவை உங்களுடையவை. அவர் தன் சிநேகிதனோடு கதையாமல் இருந்த ஏழு வருடம் என்னுடையது. அதைச் சின்னராசா அண்ணையின் குற்றம் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். நான்தான் வைத்திருக்கிறேன்.