பலாக்கட்டையில் துரை முகம்

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று எங்கள் ஊர் காஜா பேராங்கில் எல்லாரும் கொடி தைத்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் உளி வாங்கி வந்தார். அவர் ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரை, இவர் மரத்தில் செதுக்கிய யானைப் பொம்மையைப் பார்த்து "நல்ல கை" என்று சொல்லிவிட்டாராம். அதோடு வீடு பட்டறையாகிவிட்டது.

கொல்லையில் கிடந்த பலாக்கட்டையில் முதலில் என் முகத்தைச் செதுக்கினார். சாயம் கூடாது, மரம் மரமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எண்ணெய் தடவிக் கொண்டுவந்து காட்டினார். நீண்ட மூக்கு, ஒட்டிய கன்னம், இறுகிய உதடு.

"ஏங்க, இது உங்க துரை இல்ல?"

"கொண்டையப் பாரு. நீதான்."

கொண்டை என்னுடையதுதான். அடுத்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைச் செதுக்கினார். அதிலும் துரைதான் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். வருடக்கணக்காகத் தினமும் காலையில் ஆபீசில் துரை முகம் கடுகடுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்கு வேறு முகம் பிடிபடவில்லை.

அப்போதுதான் எங்கள் சங்கத் தலைவர் வந்தார். உருண்டை முகம், சப்பை மூக்கு. தன்னையும் செதுக்கித் தரச் சொன்னார்.

"நம்ம நாட்டு மரத்துல நம்ம ஆளு முகம். மெர்டேக்கா விழா மேடையில வைக்கணும் லா."

"வேணாங்க, மானம் போயிடும்" என்று அடுப்படியில் இவரிடம் கெஞ்சினேன். கேட்கவில்லை.

முடிந்த சிலையைத் தலைவர் வெகுநேரம் பார்த்தார். அதே நீண்ட மூக்கு, ஒட்டிய கன்னம்.

"அப்படியே நான்தான்" என்றார்.

கூட வந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விழாவில், வெள்ளைக்காரன் ஒழிந்தான் என்று தலைவர் முழங்கினார். அவருக்குப் பின்னால் மாலை போட்ட மரத் துரை கேட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மேடையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி, சுவரோரம் ஒதுங்கினார்.

"துரை இன்னும் போகலியாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது நம்ம தலைவருங்க."

"அப்படியா" என்றார். செருப்பை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

மறுவாரம் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒரு சிலை வேண்டுமாம்.

"மூக்கு மட்டும் தலைவருக்கு வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

இவர் உளியைத் தீட்ட உட்கார்ந்தார். நான் காப்பி கலக்கப் போனேன்.