மூணாவது பாட்டுல டிரம்ஸ் வாசிச்சது யாரு?

நீ சிரிப்பேன்னு தெரியும், சிரிச்சுக்கோ மச்சி. நான் சவுண்ட் இன்ஜினியரிங் படிச்சவன்டா. பழைய டேப்ல பேய் பேசுதுன்னு எவனாவது வீடியோ போட்டா, கீழ கமெண்ட்ல போய் கலாய்க்கிற மொத ஆளு நான்தான். ரீல்ல ஒரு சுத்துல இருக்குற சத்தம் பக்கத்து சுத்துல லேசா ஒட்டிக்கும், அதுதான் உங்க பேய், போய் வேலையப் பாருங்கடான்னு எழுதுவேன். இப்பல்லாம் எழுதுறதில்ல.

இங்க பென்ரோஸ் ஏரியால, குடோனுங்களுக்கு நடுவுல இருக்குற குகன் அண்ணா கடையில எனக்கு பார்ட் டைம் வேலை. அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். நம்மாளுங்க கல்யாண கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்குறதுதான் பொழப்பு, ஆனா ஓடுற நிலைமையில பெரிய ரீல் மெஷின் ஒண்ணு வச்சிருக்கார்ங்கிறதால வெள்ளைக்காரங்களும் தேடி வருவாங்க. அப்படி ஒரு மத்தியானம் வந்தவர்தான் ரே. எம்பது வயசு இருக்கும். கூட அவர் பொண்ணு ஜேன், கார் சாவியை விரல்ல சுத்திக்கிட்டு, எப்படா கிளம்பலாம்ங்கிற மூஞ்சியோட.

அறுபதுகள்ல ஒரு ப்ளூஸ் ராக் பேண்ட். பேரு சொல்ல மாட்டேன், அவங்க டீ ஷர்ட்டை நீயே போட்டிருப்ப. லண்டன் போய் பெரிய ஆளாகுறதுக்கு முன்னாடி இதே ஊர்ல, மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் ஒரு மரவீட்டு முன் ரூம்ல வாசிச்சுக்கிட்டு கெடந்த பசங்க. அப்போ டிரம்மர் இவராம். கப்பல் ஏறுற நேரத்துல இவரோட அப்பா படுத்த படுக்கை, அதனால இவர் போகல, வேற ஒருத்தன் போனான், புகழ் பூரா அவனுக்கு. ஒரு போட்டோல கூட இவர் கிடையாது. ஜேன் சின்ன வயசுல ஸ்கூல்ல பெருமையா சொல்லப்போய் எல்லாரும் சிரிச்சிருக்காங்க, அதுலருந்து அப்பா இந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாங்களாம். அந்த பேண்டோட பாடகன் செத்து வருஷக்கணக்காச்சு. அவன் தங்கச்சி வீட்டை காலி பண்ணும்போது அப்போ பதிஞ்ச இந்த டேப் கெடச்சு, ரே கைல குடுத்திருக்காங்க. இதுல நான் இருக்கேன், அதை என் பொண்ணு கேக்கணும். அவ்ளோதான் ரே கேட்டது.

குகன் அண்ணா டேப்பைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, சத்தம் பதிஞ்ச பூச்செல்லாம் உதிருது. ஒருக்காத்தான் ஓடும். இடையில நிப்பாட்டினா கதை முடிஞ்சுது."

ஓட விட்டோம். டேய், சத்தியமா சொல்றேன், புல்லரிச்சிருச்சு. மீசை முளைச்சும் முளைக்காத வயசுல அந்தக் குரல், நாளைக்கு உலகம் இல்லைங்கிற மாதிரி கத்துறான், கிட்டார் அழுவுது, நடுவுல பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டி ரயில் போற சத்தம் வேற. ஆனா டிரம்ஸ் இல்ல. ரெண்டாவது பாட்டுலயும் இல்ல. ஜேன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. ரே, அன்னைக்கு மங்கரேல எங்க வீட்டுல இருந்து வர்ற பஸ் லேட்டு, மூணாவது பாட்டுக்கு வந்துட்டேன்னு முணுமுணுக்குறார்.

ரெண்டாவது பாட்டு முடிஞ்சுது. பாடகன், "ரே இன்னும் வரலையா?"ங்கிறான். அப்புறம் ஒண்ணுமே இல்ல, வெறும் இரைச்சல். அது பாட்டுக்கு போகுது, போயிட்டே இருக்கு. எங்க வேலைல இவ்ளோ நேரம் சத்தம் இல்லன்னா ரீல் காலின்னு அர்த்தம், அண்ணா கை பழக்கத்துல ஸ்டாப் பட்டனுக்குப் போயிருச்சு. ரே டக்குனு அவர் மணிக்கட்டைப் புடிச்சார். மேசைல கெடந்த ரெண்டு பேனாவை எடுத்தார். பாட்டு ஆரம்பிக்க டிரம்மர் எண்ணிக்கை குடுக்குற மாதிரி மேசை விளிம்புல நாலு தட்டு.

நாலாவது தட்டு விழுந்ததும் டேப்ல கிட்டார் உள்ள வருதுடா.

நான் உடனே கணக்குப் போட்டேன், பாவம், மனப்பாடமா வச்சிருக்கார்னு. பாட்டு முழுக்க மேசைல வாசிச்சார். ஸ்பீக்கர்ல டிரம்ஸ் இல்லவே இல்ல. முடிஞ்சதும் ஜேன் மெதுவா, "அப்பா, இதுல நீங்க இல்லப்பா"ன்னாங்க. அவர் பேனாவைக் கீழ வச்சிட்டு, "வாசிச்சேனேம்மா"ன்னார். அவ்ளோதான். கோட்டை மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் வாசலுக்குப் போறாங்க.

நான் நடுவுல இருக்குற வெத்து இடத்தை வெட்டலாம்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்ச ஃபைலைத் திறந்தேன். அந்த இடத்துல, சத்தம் இருந்தா மட்டும் வர்ற கோடு, நாலு நட்டமா நிக்குது. பிளே பண்ணேன். நம்பினா நம்பு, பேனா சத்தம் இல்லடா, நெசமான டிரம்ஸ், நெஞ்சுல வந்து இடிக்குது, அந்த மரவீட்டு ரூம் அதிர்றது கூட கேக்குது.

குகன் அண்ணா குனிஞ்சு மேசைக்கடியில தேடுறார். "மைக் எங்கயடா கிடக்கு?"

"நம்ம கடைல மைக்கே கெடையாதேண்ணா!"

"ஓம், அதைத்தான் நானும் கேக்கிறன்."

மெஷின்ல இருந்து வயர் நேரா கம்ப்யூட்டருக்குப் போகுது, ரூம்ல என்ன சத்தம் போட்டாலும் பதியவே பதியாது. திரும்ப ஓட்டிப் பாக்கவும் வழியில்ல, பூச்சு மொத்தமா உதிர்ந்து மெஷின் மேல பழுப்புத் தூளா கெடக்கு, ரீல்ல வெறும் பிளாஸ்டிக்.

ஜேன் வாசல்லயே நின்னுட்டாங்க. பாட்டு முடிஞ்சுது. பாடகன் மூச்சு வாங்க சிரிக்கிறான், அப்புறம் கேக்குறான், "ரே, யாருடா அந்தப் பொண்ணு?"

நாங்க மொத தடவை ஓட்டினப்போ இந்த வார்த்தை இல்ல. குகன் அண்ணா மேல சத்தியமா இல்ல.

ஜேன் ஸ்பீக்கரைப் பாத்து, அவங்களுக்கே தெரியாம, "நான் அவர் பொண்ணு"ன்னாங்க. ஒரு நொடி கழிச்சு ஸ்பீக்கர்ல அந்த ரூமே கொல்லுன்னு சிரிச்சுது, சந்தோஷமா. ஜேன் அப்பா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கார் வரைக்கும் விடல.

அந்த ஃபைல் என்கிட்ட இருக்கு, வேணும்னா வா, போட்டுக் காட்டுறேன். ஆனா அந்தக் கேள்விக்கும் சிரிப்புக்கும் நடுவுல, ஒருத்தர் பதில் சொல்ற அளவுக்கு ஒரு கேப் இருக்கும். அங்க மட்டும் தயவுசெஞ்சு வாயைத் திறக்காத. நானே அந்த இடத்துல மூச்சு விடுறதில்ல.