மலேசியா டாக்டர் வருக வருக

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினால் இந்திய அரசாங்கம் என்னைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் ஏற்றி, கோலாலம்பூரில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கிள்ளானுக்கு டாக்சிக் காசை என் பையிலிருந்தே எடுக்கும் என்று முழு மனதோடு நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். தையல் ஒரு நூல் விலகினால் இருக்கையையே திருப்பி அனுப்புகிற ஆள். ஆனால் சொந்தப் பயத்தைத் தரம் பார்க்க மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கிள்ளானில் இருக்கும் உங்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் தலைவலியிலிருந்து தொடங்க வேண்டும். தலைவலி எல்லா நாட்டிலும் உண்டு. நான் வேலைக்கு வந்திருக்கும், சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் அதற்கு நிறமும் உண்டு. வந்த முதல் வாரம் தலை வெடிக்கிற மாதிரி வலி. தொழிற்சாலை முதலுதவி அறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நெற்றியைத் தொடவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "இன்னா டேக் சார்?" என்றார். டேக் என்றால் கழுத்தில் தொங்கும் பட்டை. நீலப் பட்டை நிரந்தரத் தொழிலாளி. அவருக்கு நோய் முற்றினால் கம்பெனிக் காப்பீட்டில் நெடுஞ்சாலை ஓரத்துக் கண்ணாடி ஆஸ்பத்திரி. மஞ்சள் பட்டை காண்ட்ராக்ட். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. பச்சை பயிற்சியாளர், அவருக்கு ஒரு மாத்திரையும் ஆறுதலும். என் பட்டை வெளிநாட்டு ஆளுக்கான வெள்ளை. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரி என்று அவருடைய சுவரில் ஒட்டியிருந்த தாளில் இல்லை. கடைசியில் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலிடம் பதில் சொல்வதற்குள் தலைவலி சலித்துப்போய் தானாகவே விட்டுவிட்டது.

நம் ஊரில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் ஐ.சி. அடையாள அட்டையை நீட்டுவோம், ஒரு வெள்ளி கட்டுவோம், நம்பரை வாங்கிக்கொண்டு உட்காருவோம். உட்காருவோம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். காய்ச்சலோடு போனவன் காய்ச்சல் இறங்கி, பசித்து, வெளியே போய் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தாலும் நம்பர் வந்திருக்காது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டியே நான் நடுத்தர வயதை அடைந்தேன். ஆனால் அந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வக்கீலும் இருப்பார், வாழைப்பழம் விற்கிறவரும் இருப்பார். யாரும் யாருடைய கழுத்தையும் பார்த்ததில்லை. அது ஒரு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இதை ஒருநாள் மதிய உணவு வரிசையில் நின்றபடி உளறிவிட்டேன். உளறிய இடம் தவறு. கரண்டி பிடித்திருந்தவர் ஸ்டெல்லா. எங்கள் கேன்டீனில் மஞ்சள் பட்டை. சேரப்பணஞ்சேரியில் மாதா கோயில் தெருவில் வீடு. கணவர் அந்தோணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் குடியிருப்பதும் அதே ஊரில்தான். ஸ்டெல்லாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தொழிலாளர்கள் குடியிருக்கும் ரூம் ரூமாகப் போய்ப் பேசுவார்கள். கம்பெனி ஒரு பக்கம் காப்பீட்டுக்குக் கட்டுகிறது, காண்ட்ராக்டர் ஒரு பக்கம் கட்டுகிறார், அரசாங்கம் இன்னொரு பக்கம் கட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுங்கள், எல்லாருடைய வைத்தியத்துக்கும் அரசாங்கம் ஒன்றே கட்டட்டும், ஷிப்ட் முடிந்து போனாலும் கதவு திறந்திருக்கிற ஆஸ்பத்திரி பக்கத்தில் வரட்டும். இதுதான் அவர்கள் கேட்டது. உலகம் முழுக்கப் பெரிய படிப்பாளிகள் இதற்குத் தடித் தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஸ்டெல்லாவிடம் இருந்தது சாம்பார்.

"நீல டேக்குக்கும் இதே அண்டா, மஞ்ச டேக்குக்கும் இதே அண்டா. டேக் வேறன்னா சாம்பார் வேறயா சார்?" என்று கேட்டுவிட்டு என் தட்டில் ஊற்றினார்.

அவருக்கு இது வெறும் பேச்சு இல்லை. கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது. இருமுறை அறுவைக்குத் தேதி கிடைத்தது. இருமுறையும் அதற்குள் கேன்டீன் காண்ட்ராக்டர் மாறிவிட்டார். புது ஆள் வந்து புது நம்பர் பதிகிறவரை இ.எஸ்.ஐ. அட்டை வேலை செய்யாது. "அட்ட தூங்கிகினு கீது சார்" என்பார். அட்டை தூங்கியது, கட்டி தூங்கவில்லை. மாதத்தில் பல நாள் ஸ்டெல்லா அடுப்படிச் சுவரைப் பிடித்தபடி நின்றுதான் பரிமாறினார். அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்று அந்தோணி கெஞ்சுவார். அங்கே எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து, லீவு போட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்று இவர் தள்ளிப்போடுவார்.

மே தினத்தன்று கிராம சபை. ஊரே கூடித் தீர்மானம் போடுகிற கூட்டம். அதில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கப்போவதாகவும், எங்கோ இப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் பேசினால் ஊர் நம்பும் என்றும் ஸ்டெல்லா சொன்னார். அப்பளத்துக்கு ஆசைப்பட்டு வரிசையில் நின்றவன் தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விசாத் தாளை எடுத்துப் படித்தேன். வேலைக்கு வந்தவன் வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்ற தொனியில் ஏதோ இருந்தது. கிராம சபை அரசியலா? சாம்பார் அரசியலா? நெஞ்சு எரிந்தது. கைப்பை ஒன்றில் இரண்டு சட்டை, பல் துலக்கும் பிரஷ், கடவுச்சீட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கெட் எடுத்து வைத்தேன். கைதாகிறவனுக்கு பிஸ்கெட் எதற்கு என்று கேட்காதீர்கள். மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனிடம் கிள்ளான் கதையையும் சொல்லி யோசனை கேட்டேன். அவருடைய விளைநிலத்தில் இப்போது வரிசையாக ரூம்கள் விளைகின்றன. ஒடிசா, பீகார், திருநெல்வேலிப் பையன்கள் அத்தனையிலும் குடியிருக்கிறார்கள். என் பயம் அவர் காதில் விழவே இல்லை. அவருடைய கவலை வேறு. "ஆஸ்பத்திரி போற ஒவ்வொரு வாட்டியும் வெள்ளி குடுக்கணுமா? எத்தினி கிராமு?" என்றார். அது எங்கள் நாட்டுப் பணத்தின் பெயர் என்று விளக்கினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. மலேசியா பணக்கார நாடு என்று தன் மனைவியிடம் உள்ளே போய்ச் சொல்வது கேட்டது.

மறுநாள் காலை கம்பெனி பஸ் ஊர்க் கூட்டுரோட்டில் திரும்பியபோது நான் என்னையே பார்த்தேன். பிளெக்ஸ். ஓர் ஆள் உயரத்துக்கு மேலே என் முகம். ஏதோ ஞாயிற்றுக்கிழமை யாரோ மொபைலில் எடுத்த படம், அதில் எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பின்னால் கோபுரம் ஒன்றையும் விமானம் ஒன்றையும் நட்டிருந்தார்கள். 'கிராம சபைக்கு வருகை தரும் மலேசியா டாக்டர் குணசேகரன் அவர்களே, வருக வருக.' ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வருகிறவர் டாக்டராகத்தான் இருப்பார் என்று பிளெக்ஸ் கடைக்காரர் தாமாகவே பட்டம் கொடுத்திருக்கிறார். நாடு கடத்துவதற்குப் போதாதென்று இப்போது போலி டாக்டர் வழக்கு வேறு. பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எச்.ஆர். அம்மா அதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அதைப் பார்த்தார்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். கைப்பையோடு போனேன். எச்.ஆர். அம்மா கதவைச் சாத்தினார். "சார், நீங்க டாக்டர்னு ரெஸ்யூம்ல போடவே இல்லியே" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய அம்மாவுக்கு முட்டி வலியாம், எக்ஸ்ரேயை மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தார். விடுமுறை நாளில் நான் எங்கே உட்கார்ந்து என்ன பேசினாலும் கம்பெனிக்குக் கவலையில்லை, கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். இதையும் நான் நம்பவில்லை. பிஸ்கெட் பையிலேயே இருந்தது.

மே தினத்தன்று ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்ததும் இரண்டு பேர் வந்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை எல்லாம் முடிந்த பின் ஸ்டெல்லா எழுந்து தீர்மானத்தைப் படித்தார். இந்த ஊராட்சியில் வசிக்கும் அனைவருக்கும், என்று தொடங்கியது அது. நானும் எழுந்து கிள்ளான் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். காத்திருப்பதையும் மறைக்கவில்லை. என் பேச்சில் வக்கீலும் வாழைப்பழக்காரரும் வந்தபோது தலைகள் ஆடின. சரி, தப்பித்தோம் என்று உட்காரப்போனேன்.

ஏழுமலை அண்ணன் எழுந்தார். "எல்லாம் சரி. அனைவருக்கும்னா யாரு? ரூம்ல கீறவனுக்கெல்லாம் சேத்து நம்ம ஊரு ஏன் தீர்மானம் போடணும்? சார், நீங்க சொல்லுங்க. உங்க ஊர்ல வெளியூர்க்காரனுக்கும் அதே ஒரு வெள்ளிதானா?"

கிள்ளானில் அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் இன்னொரு கவுண்டர் தெரியும். அதன் முன்னால் தோட்டத்திலும் கட்டடத்திலும் வேலை செய்கிற வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளத்துக்காரர்களும் நிற்பார்கள். அவர்களுக்குக் கட்டணம் வேறு, பல மடங்கு. அது எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம், நான் அதில் கெட்டிக்காரன். ஆனால் ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் அந்த ரூம் பையன்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றிருந்தார்கள். "இல்லைண்ணே. அவங்களுக்கு வேற கவுண்டர்" என்றேன். ஏழுமலை அண்ணன் சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்டுக்கொண்டீர்களா என்கிற மாதிரி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். ஸ்டெல்லாவின் தீர்மானத்தைக் கவிழ்க்க வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஸ்டெல்லா என்னைக் காட்டிக் கேட்டார்: "அப்போ இவருக்கு இங்க ஒடம்புக்கு முடியலன்னா எந்த கவுண்டர்ணே?"

"இவரு நம்ம வூட்டு ஆளு."

"எப்படி? உனக்கு வாடக குடுக்குறதாலயா? அந்தப் பசங்களும் உனக்குத்தாண்ணே குடுக்குறானுங்க."

ஷாமியானா சிரித்தது. ஏழுமலை அண்ணனின் மனைவிதான் அதிகம் சிரித்தார். ஊராட்சித் தலைவர், ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. பழக்க தோஷத்தில் என் கையும் எழுந்துவிட்டது. ஊராட்சிச் செயலர் எண்ணிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். "சார், உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. கைய எறக்குங்க." எனக்குக் கை இறங்கவில்லை. பயத்தில் மரத்துப்போய்விட்டது. பக்குவமாக அவரே பிடித்து மடியில் வைத்தார். வெளியே வெயிலில் பார்த்தேன். ரூம் பையன்களும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பக்கம் செயலர் போகவே இல்லை. கடைசியாக, தரையைப் பார்த்தபடி, ஏழுமலை அண்ணன் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

அன்று மாலை ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அரசாங்க ஆஸ்பத்திரிதான் எல்லாருக்கும்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டேன். நானே போகலன்னா சிரிப்பாங்க சார்." லீவு போட்டார். பரிசோதனைகள் மறுபடி முதலிலிருந்து நடந்தன. அறுவைக்கான நாளில் அந்தோணியின் ஆட்டோவில் நானும் போனேன். கைப்பையை எடுத்துக்கொண்டேன், அதில் பிஸ்கெட் இருந்தது. ஸ்டெல்லாவை உள்ளே கொண்டுபோன பிறகு, கூட வந்தவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி மரத்தடியில் விரித்து உட்கார அந்தோணி ஒரு சுருளைப் பிரித்தார். என் பிளெக்ஸ். கறுப்புக் கண்ணாடி மேல் நானும், கோபுரத்தின் மேல் அவரும் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தவனுக்கு நெஞ்செரிச்சல் ஏறியது. இது மாரடைப்புதான் என்று அந்தோணியிடம் அறிவித்தேன். மனைவியை உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், என்னைக் கையைப் பிடித்துப் புறநோயாளிச் சீட்டு கொடுக்கிற இடத்துக்கு இழுத்துப் போனார். நான் கடவுச்சீட்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். உள்ளே இருந்த அம்மா அதைத் தொடக்கூட இல்லை. "பேரு?" சொன்னேன். "வயசு?" சொன்னேன். "எந்த ஊரு?" என்றார். வாயைத் திறந்தேன். கிள்ளான் நாக்கு வரை வந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. "சேரப்பணஞ்சேரி" என்றார் எனக்குப் பதிலாக அந்தோணி. அம்மா எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஒரு ஈ.சி.ஜி.யும் எடுக்க வைத்துப் பார்த்தார். வாயு என்றார். அசல் டாக்டர். திரும்பி வந்து, பையில் கடவுச்சீட்டில் ஒரு ஊரும் கையில் சீட்டில் ஒரு ஊருமாக, என் முகத்தின் மேலேயே உட்கார்ந்து ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்தேன்.

போலீஸ் வரவில்லை. தீர்மானம் மேலே போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா லீவில் இருந்தபோது காண்ட்ராக்டர் மறுபடி மாறினார். புது ஆள் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு புது மஞ்சள் பட்டையும் கொடுத்தார். அட்டை இப்போதும் தூங்குகிறது. கட்டி இல்லை.