பால் கொடுக்கப் போன செல்வராணியும் பழி சுமந்த நானும்

கொழுந்து மலையில் கங்காணி வேலை பார்ப்பவன் மழையை, அட்டையை, துரையைக்கூடச் சமாளித்துவிடலாம். கைப்பிள்ளைக்காரியைச் சமாளிக்க முடியாது. ஆள் வைத்து வேலை வாங்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பால்மா வேண்டாமாம்

ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டம். செல்வராணி தன் மூன்று மாதப் பிள்ளையை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க வருவாள். கூடையின் அடி மறைவதற்குள் பால் கொடுக்க இறங்கிவிடுவாள். போன பிரசவத்தில் இரத்தம் போய்ப் பதுளை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ப் பிழைத்தவள். உடனே இன்னொன்று தங்கினால் உயிருக்கே ஆபத்தாம். கரு தங்காமலிருக்கப் போடும் ஊசி, விழுங்கும் குளிசை என்றாலும் பயம். தாய்ப்பாலைத்தான் நம்பியிருந்தாள்.

"ஆயாகிட்ட பால்மா கரைச்சுக் குடுத்துட்டு வாயேன்" என்றேன்.

"பால்மா குடுத்தா அடுத்த வருஷமும் வயித்தோட வந்து நிப்பேன். அப்ப இன்னும் மெதுவாத்தான் மலை ஏறுவேன், பரவால்லையா கங்காணி?"

மிஸி கேட்ட கேள்வி

இதைச் சொல்லிக்கொடுத்தது மிட்வைஃப் மிஸி. பிள்ளைக்காம்பரா திறந்த அன்று எல்லாருக்கும் கேக் கொடுத்து, என்னை மட்டும் தாண்டிப் போனவள். நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், கரு தங்குவது அரிது என்று மலைக்கே வந்து விளக்கினாள்.

விடுவேனா? "என் பொஞ்சாதியும் பால்தான் குடுத்தா. வருஷத்துக்கு ஒன்னு பொறந்துச்சே மிஸி?" என்று மடக்கினேன். பெண்கள் கொழுந்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"அவங்களும் உங்க மலையிலதானே கொழுந்தெடுத்தாங்க? பால் குடுக்க எத்தன தடவ எறங்க விட்டீங்க?"

ஆயாவின் உபகாரம்

என் புலம்பலைக் கேட்ட ஆயா எனக்கு உதவுவதாக நினைத்தாள். பிள்ளை அழுதால் பாலில்லாத பிளேன்டீயில் விசுக்கோத்தை ஊறவைத்து ஊட்டிவிட்டு, "புள்ள தூங்குது, வர வேணாம்" என்று சொல்லியனுப்பினாள். செல்வராணியும் மலையிலேயே நின்றாள், எனக்கும் சந்தோஷந்தான். ஒரு நாள் பிள்ளையின் வாயோரம் விசுக்கோத்துத் தூளைக் கண்டுபிடித்து அழுதாள். அடுத்த மாதம் தேயிலைக்கு நடுவே வாந்தி எடுத்தாள்.

அத்தனை பெண்களும் பார்வையாலேயே பழித்தது ஆயாவை அல்ல, என்னை. கிளினிக்குக்குப் போனவள் திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றேன். ஒன்றுமில்லை, வெறும் பித்தமாம். இனித் தாய்ப்பாலை மட்டும் நம்ப முடியாது என்று மிஸி பேசிப் பயம் தெளியவைத்து, ஊசியும் போட்டு அனுப்பியிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் செல்வராணிக்குச் சிரிப்பு.

"ஏன் கங்காணி இப்படி வேர்த்துப் போய் நிக்கிறீங்க? நீங்களா பெக்கப் போறீங்க?"

அவளுக்கு ஒன்றுமில்லை என்றானதில் தோட்டத்திலேயே அதிகம் மகிழ்ந்தவன் நான்தான் என்பதை, அந்த மிஸியிடம் மட்டும் சாகும்வரை சொல்ல மாட்டேன்.